காது பழகிக்கொள்ளுமா? மேளம், மில், மைக் செட் ஆட்களுக்கான இழை

கேள்வி | கண்டனூர் வாசகர் | 2024 ஜூலை 19

எங்கள் அண்ணன் தவில் வாசிக்கிறார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. முகூர்த்தம் முடிந்து வீட்டுக்கு வந்த இரவு டிவியை அலறவிடுகிறார். காது கொய்யென்று கேட்கிறது என்பார். மறுநாள் மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். டாக்டரிடம் போகச் சொன்னால், "எல்லாம் பழகிடுச்சுடா, மில்லு ஓட்டுறவனுக்கும் இரும்படிக்கிறவனுக்கும் பழகலையா?" என்கிறார். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. காது பழகத்தானே செய்யும்? ரொம்பப் பயமாக இருந்தால் பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா? மைக் செட் போடுகிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில் | மைக் செட் போடுபவர் | 2024 ஜூலை 19, இரவு

பழகாது.

அண்ணன் பழக்கம் என்று சொல்வது, காது கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, அதனால் சத்தம் உறைக்காமல் போவதைத்தான். செவிப்பறை அதிர்கிறது. அதை ஒட்டிய மூன்று குட்டி எலும்புகள் அதிர்வை உள்ளே கடத்துகின்றன. காக்ளியா என்ற சுருள் குழாய்க்குள் இருக்கும் திரவம் அலைகிறது. அந்த அலையில் மயிரிழை போன்ற செல்கள் வளைந்து நரம்புக்குச் செய்தி கொடுக்கின்றன. ஒரு காதுக்குச் சுமார் 15,000 செல்கள். பிறக்கும்போது வந்தவைதான். புதிதாக முளைக்காது. ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் எரிந்தால் கழற்றிப் புதிதாகச் சுற்றி மாட்டிவிடுவேன். இதற்கு அந்த வழி கிடையாது.

இதில் ஒரு கொடுமை, கோழிக்கு முளைக்கும். பறவைகளின் காதில் செத்துப்போன செல்லுக்குப் பதில் புதுச் செல் வருவதை 1980-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த முறை நாட்டுக்கோழி உப்புக்கறி சாப்பிடும்போது அதன் காதை நினைத்துப் பொறாமைப்படுங்கள்.

மேளம் முடிந்த இரவில் காது அடைத்து, கொய்யென்று கேட்டு, மறுநாள் தெளிவது சாதாரணம் அல்ல. அந்தச் செல்கள் களைத்துச் சுருண்டு, தப்பித்தவை மீண்டிருக்கின்றன என்று பொருள். ஒவ்வொரு முகூர்த்தத்திலும் இது நடந்தால் ஒருநாள் மறுநாள் மத்தியானம் வராது.

2024 ஜூலை 20

பஞ்சைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். சத்தத்தை டெசிபல் என்ற அலகில் அளப்பார்கள். உலர்ந்த பஞ்சு சில டெசிபல்தான் தடுக்கும். மில்காரர்கள் துண்டைத் தலையோடு சுற்றிக்கொள்கிறார்களே, அது மாவு காதுக்குள் போகாமல் இருக்க உதவும், அவ்வளவுதான். சத்தம் என்பது காற்றின் அதிர்வு, காற்று போகும் இடமெல்லாம் போகும். காதுத் துவாரம் முழுசாக அடைபட்டால்தான் குறையும்.

2024 ஜூலை 21

டெசிபல் என்றால் என்ன, 90-க்கும் 100-க்கும் பத்துதானே வித்தியாசம் என்று பள்ளத்தூர் நண்பர் கேட்டிருக்கிறார். நம் ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். பத்து கூடினால் காதில் விழும் ஆற்றல் பத்து மடங்கு. மூன்று கூடினாலே இரண்டு மடங்கு. ஆனால் நம் காதுக்கு அந்தப் பத்து மடங்கு, "இரண்டு மடங்கு ஆன மாதிரி" என்றுதான் தெரியும். ஆம்ப்ளிஃபையர் குமிழைத் திருப்பும்போது "கொஞ்சம்தான் ஏத்தினேன்" என்பார்கள். நானும் சொல்வேன். குமிழுக்குக் கொஞ்சம், செல்லுக்குக் கொஞ்சமல்ல.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் கணக்கு எளிது. 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 97-க்கு அரை மணி, 100-க்குக் கால் மணி. அன்றைய கணக்கு அதோடு தீர்ந்தது. மீட்டர் இல்லாவிட்டாலும் தெரிந்துகொள்ளலாம்: கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் நீங்கள் 85-ஐ ஒட்டியோ தாண்டியோ நிற்கிறீர்கள்.

போன வைகாசியில் ஒரு மண்டபத்தில் தவிலுக்குப் பக்கத்தில் மீட்டரைப் பிடித்துப் பார்த்தேன். சாதாரணமாகப் பாட்டு ஓடும்போதே தொண்ணூற்றுச் சொச்சம். ஐயர் கையைத் தூக்கி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றதும் முள் நூறைத் தாண்டி நின்றது. விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வலந்தலையில் விழும் அடி என்ன அடி! வாசிக்கிறவருக்குத் தன் அடி, பக்கத்துத் தவில், நாதஸ்வரம் மூன்றும் சேர்ந்து விழுகிறது. நல்லவேளை, கெட்டிமேளம் கொஞ்ச நேரம்தான். முந்தின இரவு மாப்பிள்ளை அழைப்பு அப்படி இல்லை.

2024 ஜூலை 21, அதே இரவு

தூரத்தைச் சேர்க்காமல் நேரத்தை மட்டும் சொன்னால் பாதிதான். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து 2 மீட்டரில் 100 என்றால், 4 மீட்டரில் 94, 8 மீட்டரில் 88. மேலே சொன்ன கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்: கால் மணி, ஒரு மணி, நான்கு மணி. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு பின்னால் போய்ப் போடுவதைவிட மலிவான காதுப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் நம் ஊர்த் திருவிழாவில் பையன்கள் பெட்டிக்கு மேலேயே ஏறி உட்கார்ந்திருப்பான்கள். இறக்கிவிட்டால் என் மேல் கோபம்.

2024 ஜூலை 23

"உனக்குச் சொல்ல என்ன யோக்கியதை, சத்தம் போடுறவனே நீதானே" என்று ஒருவர். நியாயம்தான். என் அப்பா காலத்திலிருந்து ரேடியோ செட் குடும்பம். அப்பா வேப்பமரத்தில் குழாய் கட்டி, இசைத்தட்டு போட்டவர். நான் பெட்டிக்கு மாறினேன். என் காதை மதுரையில் போய்ச் சோதித்துக்கொண்டேன்.

சோதனை எப்படி என்று தெரியாததால்தான் பலர் போகவே பயப்படுகிறார்கள். ஊசி கிடையாது, மருந்து கிடையாது. சத்தம் புகாத சின்ன அறை. கதவைச் சாத்தியதும் நம் மூச்சே நமக்குக் கேட்கும். தலையில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். பீப் கேட்டால் அமுக்க வேண்டும். சோதிக்கும் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அடித்தொனியான 250 ஹெர்ட்ஸிலிருந்து (ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு எத்தனை அதிர்வு) மேல் தொனியான 8000 வரைக்கும், ஒவ்வொரு தொனியிலும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். அடித்தொனியில் டக் டக்கென்று அமுக்கினேன். நடுவில் ஒரு நேரம் எதுவுமே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதோ என்று கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், அவர் பாட்டுக்குக் குமிழைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். எனக்குத்தான் வரவில்லை.

தாளில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு கீழே இறங்க இறங்கக் கேட்பது குறைவு. இரண்டு கோடும் 2000 வரைக்கும் மேலேயே போய், 4000-த்தில் பள்ளத்தில் இறங்கி, 8000-த்தில் கொஞ்சம் ஏறுகிறது. "என்ன வேலை பாக்குறீங்க சார்?" என்று கேட்டார். தாளைப் பார்த்த பிறகுதான் கேட்டார். அந்தப் பள்ளம் சத்தத்தில் வேலை பார்ப்பவர்களின் கையெழுத்து. வயதால் மட்டும் போகும் காதில் கோடு மேல் சுருதிகளில் ஒரேயடியாகச் சரிந்துகொண்டே போகும், திரும்ப ஏறாது.

ஏன் 4000? நம் காதுத் துவாரமே ஒரு சின்னக் குழாய். அதன் நீளத்துக்கு 3000 ஹெர்ட்ஸ் வாக்கில் சத்தத்தைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும். அடி விழுவது அதற்கு அரை ஸ்தாயி மேலே. அப்பா கட்டிய குழாய் ஸ்பீக்கரும் ஏறக்குறைய அந்தப் பகுதியில்தான் வெளுத்து வாங்கும். இரண்டும் நல்ல ஜோடி.

2024 ஜூலை 24

"உங்களுக்கு நன்றாகத்தானே கேட்கிறது, போனில் பேசுகிறீர்களே" என்பவருக்கு: கேட்கிறது. புரிவதில்தான் சிக்கல். உயிரெழுத்துகளின் ஓசை அடித்தொனியில் இருக்கிறது, அது முழுசாக வருகிறது. ச, ட, ப, க போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் ஓசை மேலே இருக்கிறது. அமைதியான வீட்டில் சமாளித்துவிடுவேன். பந்தியில் இலை போடும் சத்தம், சாம்பார் வாளி, நாலு பேர் பேச்சு என்று சேர்ந்தால் எதிரில் இருப்பவர் "கட்டி" என்றாரா "சட்டி" என்றாரா "பட்டி" என்றாரா என்று வாயைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். பொம்பளைப் பிள்ளைகள், குழந்தைகள் பேச்சு இன்னும் சிரமம். அவர்கள் குரலே மேலே இருக்கிறது. வீட்டில் இதற்கு வேறு விளக்கம் வைத்திருக்கிறார்கள், "நான் சொன்னா மட்டும் கேக்காதே."

2024 ஜூலை 24

கொசு ரீங்காரம் கேட்டால் காது நன்றாக இருக்கிறது என்று தேவகோட்டை நண்பர் எழுதியிருப்பது தவறு. கொசுவின் சிறகொலி 400-லிருந்து 600 ஹெர்ட்ஸ் வாக்கில். அது கீழ்த் தொனி. என்னைப் போன்ற ஆளுக்கும் ஜம்மென்று கேட்கும். சோதித்தே ஆக வேண்டுமென்றால் மழை விட்ட இரவில் ஊருணிக் கரையில் சில்வண்டு கத்துவதைப் பேரப்பிள்ளையோடு போய்க் கேளுங்கள். பல வகைச் சில்வண்டுகள் 4000-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ கத்துபவை. பிள்ளை "காது வலிக்குது" என்று சொல்லி, உங்களுக்கு லேசாகத்தான் கேட்டால் விஷயம் தெரிந்துவிடும்.

2024 ஜூலை 28

செட்டிநாட்டு வீட்டுக்குள் சத்தம் எப்படி என்று கேட்டதற்காக, நம் வீடுகளைப் பற்றி. இதைப் பற்றி எழுத எனக்குத் தனி ஆசை.

செட்டிநாட்டு வீட்டுக்குள் மைக் செட் போடுவது வெளியூர் ஆட்களுக்குப் பிடிபடாத வேலை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை, நடுவில் பர்மாத் தேக்குத் தூண்கள். கை வைத்தால் வழுக்கும் சுவர் சத்தத்தையும் வழுக்கித்தான் விடும், உறிஞ்சாது. முகப்பில் கைதட்டினால் இரண்டாங்கட்டில் விழும். மேலே சொன்னேனே, தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும் என்று, அது இந்த வீட்டுக்குள் செல்லாது. சில அடிக்குப் பிறகு எங்கே போய் நின்றாலும் ஏறக்குறைய அதே சத்தம். ஓடி ஒளிய இடமில்லை.

முன்பு ஒரு தப்பிக்கும் வழி இருந்தது. வளவுக்கு, அதாவது நடு முற்றத்துக்கு, மேலே வானம். அடித்த மேளத்தில் பாதி அந்த வழியாகப் போய்விடும். இப்போது குரங்குக்கும் மழைக்கும் பயந்து பல வீடுகளில் வளவின் மேல் கம்பி வலை கட்டி, அதன் மேல் ஷீட் போட்டு மூடிவிட்டார்கள். வலையோடு நிறுத்தியிருந்தால் பாதகமில்லை. ஷீட் போட்டதும் வீடு ஒரு டிரம் ஆகிவிட்டது. அதற்குள் இப்போது நாதஸ்வரக் கோஷ்டி, செண்டை மேளம், மாலையில் டிஜே. வந்தவர்கள் எல்லாம் தலைவலி என்று வெளித் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தால், வீட்டுக்காரர் "என்ன, எல்லாரும் வெளியவே உக்காந்துட்டீக, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்.

பெரியவர்களுக்கு இது இரட்டைத் தண்டனை. காது மந்தமானவருக்கு எதிரொலி கலந்த பேச்சைப் பிரிக்கவே முடியாது. ஒரு சொல் முடிவதற்குள் முந்தின சொல்லின் வால் வந்து மோதுகிறது. பட்டாலையில் (உள் திண்ணையில்) உட்கார்ந்திருக்கும் ஆச்சி எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டினால், நலமாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான் செய்வது: பெரிய பெட்டி இரண்டை ஒரே இடத்தில் நிறுத்தி அலறவிடாமல், சின்னப் பெட்டி ஆறைப் பிரித்து வைத்துத் தணிவாக விடுகிறேன். கீழே ஜமுக்காளம், சுவரோரம் கனத்த துணி. ஜனம் நிறைந்தாலே வித்தியாசம் தெரியும், மனித உடம்பும் துணியும் நன்றாக உறிஞ்சும். அதனால் காலியான வீட்டில் சரி பார்த்த சத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது.

2024 ஆகஸ்ட் 4

ஆடி அமாவாசை, வேலையில்லை. மில்லுக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் மாவு மில்லில் மிளகாய் அரைக்கப் போனால் வெளியே வந்துதான் பேசுவோம். மில்லுக்காரர் மட்டும் உள்ளேயே நின்று சைகையில் எல்லாம் முடிப்பார். எடை, விலை, "ரெண்டு தடவை விடவா?" எல்லாமே விரலில். வெளியே வந்தாலும் அவர் கத்தித்தான் பேசுவார். ஊரில் அவரைக் கோபக்காரர் என்கிறார்கள். பாவம், அவருக்குத் தன் குரலே கேட்கவில்லை.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களில் சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மையும் இருந்தது. ஆனால் இரண்டு பேர் வேலை பார்க்கும் மாவு மில், லேத் பட்டறை, மரம் அறுக்கும் இடம் எல்லாம் அந்தச் சட்டத்தின் கணக்குக்குள்ளேயே வந்ததில்லை. காரைக்குடிப் பக்கம் காதைக் கெடுக்கும் வேலைகள் பெரும்பாலும் இப்படிச் சின்ன இடங்களில்தான் நடக்கின்றன.

இது புது வியாதியும் இல்லை. பெர்னார்டினோ ராமாஸினி என்ற இத்தாலிய மருத்துவர் 300 ஆண்டுகளுக்கு முன்பே வெனிஸ் நகரத்தில் செம்பு அடிப்பவர்களைப் பார்த்து, ஓயாத சத்தத்தால் இவர்கள் காது மந்தமாகி, வயதானதும் முழுச் செவிடாகிறார்கள் என்று எழுதிவைத்தார். நம் வீட்டுச் சாமான் அறைகளில் அடுக்கியிருக்கும் செம்பு அண்டாவும் பித்தளைக் குடமும் யாரோ காதைக் கொடுத்து அடித்தவைதான். சீர் பரப்பும்போது எண்ணிக்கை மட்டும்தான் பார்க்கிறோம்.

2024 ஆகஸ்ட் 5

ஜூலை 21 குறிப்பில் 85 டெசிபல் 8 மணி என்று எழுதியதைச் சிலர் "85 வரைக்கும் ஒன்றும் ஆகாது" என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படியல்ல. அந்த அளவிலேயே 40 வருடம் வேலை பார்த்தால் நூற்றில் 8 பேருக்குச் சத்தத்தால் காது பாதிக்கப்படும் என்று அதே நியோஷ் 1998-இல் கணக்குப் போட்டது. 90 என்றால் நூற்றில் 25 பேர். எல்லைக்கோடு என்பது பேரம் பேசி வைத்தது. உலக சுகாதார நிறுவனம் செல்போன், இயர்போனுக்குச் சொல்வது இன்னும் கீழே: பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75.

"ஒரே சத்தத்தில் நின்ற இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன் போகிறது?" என்ற கேள்விக்கும் இதுவே பதில். உடம்புக்கு உடம்பு மாறும். எங்கள் கூட்டாளி ஒருவர் என்னைவிட அதிகம் பெட்டிக்கு முன்னால் நின்றவர், அவருக்குப் பாம்புச் செவி. அவரை உதாரணம் காட்டாதீர்கள்.

2024 ஆகஸ்ட் 6

காதடைப்பான் எப்படிப் போடுவது என்று கேட்டவர்களுக்கு. ஹார்டுவேர் கடையில், பாதுகாப்புச் சாமான் விற்கும் இடத்தில், மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் நுரை அடைப்பான் கிடைக்கும். விலை டீ, வடைக் காசுதான். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைக் காது வாசலில் சொருகிவிட்டு "ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்கிறார்கள். கையைக் கழுவிவிட்டு, அடைப்பானை விரல்களுக்கு நடுவே உருட்டி உருட்டி மெல்லிசாக, சுருக்கம் இல்லாமல் ஆக்குங்கள். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலேயும் பின்னேயும் இழுத்துப் பிடியுங்கள், அப்போதுதான் துவாரம் நேராகும். உடனே உள்ளே விட்டு, விரலால் அரை நிமிடம் அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், அது விரிந்து அடைத்துக்கொள்ளும். சரியாக விழுந்தால் நம் குரலே பானைக்குள் பேசுவது போலத் தெரியும்.

உறையில் எத்தனை டெசிபல் தடுக்கும் என்று 29, 33 போல ஒரு எண் போட்டிருக்கும். அதை அப்படியே கழிக்காதீர்கள். அதிலிருந்து 7-ஐக் கழித்துப் பாதியாக்கினால் கையில் கிடைப்பதற்கு அருகில் வரும். 29 என்றால் 11.

அப்புறம், இடையில் கழற்றுவது. 30 டெசிபல் தடுக்கும் அடைப்பானைப் பாதி நேரம் கழற்றிவைத்தால் மொத்தப் பலன் 3 டெசிபல்தான். எட்டு மணி நேரத்தில் 48 நிமிடம் கழற்றினால்கூட 10-க்கு மேல் தேறாது. டெசிபல் கணக்கு அப்படித்தான் கழுத்தை அறுக்கும். சுமாரான அடைப்பானை முழு நேரமும் போட்டிருப்பவன், உசத்தியானதை அடிக்கடி கழற்றுபவனைவிடப் புத்திசாலி.

தவில்காரருக்கு நுரை ஒத்துவராது, மேல் சுருதியை விழுங்கிவிடும், நாதஸ்வரத்தோடு சேர முடியாது. இசைக்காரர்களுக்கென்றே எல்லாச் சுருதியையும் ஒரே அளவாகக் குறைக்கும் வடிகட்டி வைத்த அடைப்பான்கள் இருக்கின்றன. விலை அதிகம். கண்டனூர் அண்ணனுக்கு அதைத்தான் சொல்வேன். முதலில் கச்சேரியில் போடாமல், வீட்டில் சாதகம் பண்ணும்போது போட்டுப் பழகட்டும். இந்தப் பழக்கம் நல்ல பழக்கம்.

2024 ஆகஸ்ட் 9

கண்டனூர் வாசகர் பதில் எழுதியிருக்கிறார்: அண்ணன் சோதனைக்குப் போனாராம், கோடு ஒழுங்காக இருக்கிறதாம், "பாத்தியா, மறுநாள் சரியாகிடுதுன்னு சொன்னேன்ல" என்கிறாராம்.

சந்தோஷம். ஆனால் முதல் நாள் நான் எழுதியதை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சொல்கிறேன். ஷரோன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2009-இல் எலிகளுக்குச் சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்கும் அளவு சில நாட்களில் பழையபடி வந்துவிட்டது, செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் செல்லையும் நரம்பையும் இணைக்கும் முடிச்சுகளில் சில இடங்களில் பாதி வரை போயிருந்தது. பீப் சோதனையில் அது தெரியாது. மனிதர்களுக்கும் எவ்வளவு தூரம் இப்படியே என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. கூட்டத்தில் பேச்சு புரியவில்லை, ஆனால் ரிப்போர்ட் சரியாக இருக்கிறது என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த எலிகள் ஞாபகம் வருகின்றன. அண்ணனிடம் கேளுங்கள்: பந்தியில் பேசினால் புரிகிறதா?

2024 செப்டம்பர் 15

ஆவணி முகூர்த்தம், எழுத நேரமில்லை. ஒன்று மட்டும். நேற்று ஒரு காதணி விழா. தாய்மாமன் மடியில் பிள்ளை. ஆசாரி ஊசியை எடுக்கிறார். பிள்ளை அழுவது கேட்கக்கூடாது என்று "அண்ணே, பாட்டை ஏத்துங்க" என்கிறார்கள். பெட்டி பிள்ளையின் தலைக்கு நேரே. காது குத்துவதற்கு வந்த கூட்டம் முழுவதும் அந்தக் காதுக்கு என்ன ஆகும் என்று நினைக்கவில்லை. நான் ஏற்றவில்லை, ஒயர் லூஸ் என்று சொல்லிவிட்டேன். மாமன்காரர் இன்னும் பாக்கி தரவில்லை.

2024 அக்டோபர் 27

தீபாவளி வருகிறது. வெடிக்கு நம் நாட்டு விதி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பது. நாம் ஊதுபத்தியை நீட்டிப் பற்றவைத்து, திரி சட்டென்று ஏறிவிட்டால் 1 மீட்டரில் நிற்போம். அங்கே 12 டெசிபல் கூடுதல். உலக சுகாதார நிறுவனம் திடீர் வெடிச் சத்தத்துக்கு வைத்திருக்கும் உச்சம் பெரியவர்களுக்கு 140, பிள்ளைகளுக்கு 120. கோயில் திருவிழாவின் அதிர்வேட்டுக்கு நான் கணக்கே போடவில்லை, பயமாக இருக்கிறது.

காதுக்குள் ஒரு பொடித் தசை இருக்கிறது. பெரிய சத்தம் வந்தால் உள் எலும்பை இழுத்துப் பிடித்துக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் வெடிச் சத்தம் அது விழிப்பதற்கு முன்பே உள்ளே போய்விடும். மேளத்துக்கு ஓரளவு உதவும், வேட்டுக்கு உதவாது.

வெடிக்குப் பிறகு காது அடைத்து, கேட்காமல் போனாலோ, வலித்தாலோ, நீரோ ரத்தமோ வந்தாலோ: நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சி ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். கோழி இறகும் வேண்டாம், ஊக்கும் வேண்டாம். அன்றே, தவறினால் மறுநாள், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். திடீரென்று போன காதுக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள், அதை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு. "பொங்கல் கழிச்சுப் பாப்போம்" என்று இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

2024 நவம்பர் 17

காதுக் கருவி வாங்கிக் கொடுத்தும் அப்பா மேசை டிராயரில் போட்டுவிட்டார் என்று ஒருவர். எல்லா வீட்டிலும் அந்த டிராயர் இருக்கிறது. கருவி சத்தத்தைக் கூட்டும், போன செல்லைக் கொண்டுவராது. வருடக்கணக்கில் அமைதிக்குப் பழகிய மூளைக்குத் திடீரென்று ஃபேன், மிக்ஸி, தட்டு எல்லாம் இடிபோல விழும். முதல் வாரம் வீட்டுக்குள், ஒருவரோடு மட்டும், தினம் கொஞ்ச நேரம். பிறகு திண்ணை. கடைசியில் கல்யாண வீடு. எங்கள் அப்பாவை நேராகக் கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள், அன்றோடு சரி.

காதருகே போய்க் கத்தாதீர்கள். கத்தினால் உயிரெழுத்துதான் பெருசாகும், சிக்கல் அதில் இல்லை. முகத்துக்கு நேரே உட்கார்ந்து, வெளிச்சத்தில், நிதானமாகப் பேசினால் போதும். காசு இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டையோடு விண்ணப்பித்தால் தகுதிப்படி இலவசமாகக் கருவி தருகிறார்கள்.

இதைத் தள்ளிப்போடாமல் இருக்க இன்னொரு காரணம். 2024-இல் லான்செட் ஆணையம் மறதி நோய்க்கு வழிவகுக்கும், நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. கேட்கும் திறன் குறைவதும் அதில் ஒன்று. பேச்சு புரியாதவர் மெல்ல மெல்லப் பேச்சையே விட்டுவிடுகிறார்.

2024 டிசம்பர் 19

மார்கழி. விடிகாலை நாலரைக்குத் திருப்பாவை போடலாமா என்று காரசாரமாக ஓடுகிறது. பக்தியைப் பற்றி எனக்கு விவாதம் இல்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்கு மாநில அரசு தளர்த்தினாலும் அது நள்ளிரவு வரைக்கும்தான், வருடத்துக்கு 15 நாட்களுக்கு மேல் இல்லை. விடிகாலைக்குச் சலுகையே இல்லை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். கூம்புக் குழாய் கட்டக்கூடாது என்று அனுமதி எழுதிக் கொடுக்கும்போதே காவல் நிலையத்தில் சொல்லித்தான் விடுகிறார்கள்.

எங்கள் ஊரில் போன வருடம் கோயில் கமிட்டியோடு பேசி, கோபுரத்தருகே இருந்த குழாயை இறக்கிவிட்டு, பிரகாரத்துக்குள் மட்டும் கேட்கும்படி நாலு சின்னப் பெட்டி வைத்தேன், ஆறு மணிக்கு மேல். முதல் வாரம் "சாமிக்கே கேக்காதே" என்றார்கள். இரண்டாம் வாரம் ஆண்டாள் பாட்டில் சொல் புரிகிறது என்று ஒரு ஆச்சி சொன்னார். குழாயில் அது இத்தனை வருடமாகப் புரிந்ததில்லையாம். குழாய் இப்போது என் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. கொத்தமங்கலத்திலிருந்து ஒருவர் வாடகைக்குக் கேட்டார், இல்லை என்றேன். பெட்டி வேண்டுமானால் இருக்கிறது, அதே வாடகைதான், ஏற்றிவிடு என்று சொல்லாமல் இருந்தால் நூறு ரூபாய் குறைத்துக்கொள்வேன்.